வோல்ட் இறங்கினால் ஆம்ஸ் ஏறும்!

மதுரையிலிருந்து திண்டுக்கல் ரோட்டில் போனால் பரவை. அங்கே சித்தப்பாவின் தோட்டத்தில் ஒருமுறை கிணற்று மோட்டார் எரிந்துபோனது. கழற்றிப் பார்த்த காயில் கட்டுபவர் ஒரே வரியில் தீர்ப்பு சொன்னார்: ''வோல்ட்டு எறங்குனா ஆம்ஸ் ஏறும் சார். ஆம்ஸ் ஏறுனா காயில் வெந்துரும்!''

நான் பி.காம். ஆசாமி. வரவு, செலவு தவிர வேறு கணக்கு தெரியாது. தேடிப் படித்தபோதுதான் புரிந்தது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் மூன்று பேரின் வாழ்க்கை இருக்கிறது.

முதல் ஆள், இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ். பெரும் பணக்காரர், அதைவிடப் பெரிய கூச்ச சுபாவி. வேலைக்காரர்களிடம்கூடச் சீட்டு எழுதித்தான் பேசுவார். கரண்ட்டை அளக்க மீட்டர் இல்லாத காலம். மனுஷன் தன் உடம்பையே மீட்டராக்கினார்! உப்புத் தண்ணீர்க் குழாய்கள் வழியாக மின்சாரத்தைத் தன் மேல் பாய்ச்சி, எந்த ஷாக் பலம் என்று குறித்துவைத்தார். அழுத்தம் கூடினால் ஓட்டமும் அதே விகிதத்தில் கூடுகிறது என்று கண்டுபிடித்தும் வெளியே சொல்லவில்லை. 1810-ல் இறந்தார். அந்தக் குறிப்புகளை 1879-ல் மாக்ஸ்வெல் பதிப்பித்தபோதுதான் உலகுக்குத் தெரிந்தது.

அதற்குள் இன்னொருவர் முந்திவிட்டார். ஜெர்மனியில் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன், பள்ளி வாத்தியார் ஜார்ஜ் சைமன் ஓம். பேட்டரி நிலையாக நிற்காமல் படுத்தியது. இரண்டு உலோகங்கள் சேரும் ஒரு முனையைக் கொதிநீரிலும், மறுமுனையை ஐஸிலும் வைத்தார். சீரான மின்சாரம் கிடைத்தது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை என்ற விதி 1827-ல் புத்தகமாக வந்தது. பாராட்டு? ஊஹூம்! அவர் எதிர்பார்த்த பல்கலைக்கழகப் பதவி கிடைக்கவில்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1841-ல் பதக்கம் கொடுத்தது. மியூனிக்கில் முழுப் பேராசிரியர் ஆனது 1852-ல். 1854-ல் காலமானார்.

மூன்றாமவர், மதுபான ஆலைக்காரரின் மகன் ஜூல். ஆம்பியர் இரண்டு மடங்கானால் கம்பியின் சூடு நாலு மடங்கு என்று 1840 வாக்கில் கண்டறிந்தார்.

இப்போது உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டிக்கு வாருங்கள். 230 வோல்ட், 4 ஆம்பியர். பெருக்கினால் 920 வாட்ஸ், அது சக்தி. வகுத்தால் 57.5 ஓம், அது தடை. அவ்வளவுதான்!

''வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் குறையத்தானே வேண்டும்? காயில்காரர் தலைகீழாகச் சொல்கிறாரே?'' என்கிறீர்களா? நியாயமான கேள்வி. இஸ்திரிப் பெட்டியில் குறையும். அது கொஞ்சம் ஆறிப்போகும், தொல்லை இல்லை. மோட்டார் அப்படியல்ல. கிணற்றிலிருந்து அதே தண்ணீரை ஏற்றியாக வேண்டும். வோல்ட் குறைந்தால், ஆம்பியரைக் கூட இழுத்து ஈடுகட்டப் பார்க்கும். அங்கேதான் ஜூல் காத்திருக்கிறார். காயில் சூடாகும், இன்சுலேஷன் கருகும், செலவு விவசாயி தலையில்!

1932-ல் நீலகிரியின் பைகாராவில் பிறந்த மின்சாரம் சமவெளிக்கு வந்ததும் இதே கணக்கை நம்பித்தான். அழுத்தத்தைப் பத்து மடங்கு ஏற்றினால் ஆம்பியர் பத்தில் ஒன்று, கம்பியில் வீணாவது நூறில் ஒன்று.

சித்தப்பா இப்போது ஸ்டார்ட்டர் பெட்டியில் வோல்ட் மீட்டரைப் பார்க்காமல் பட்டனைத் தொடுவதில்லை. முள் இறங்கியிருந்தால் கயிற்றுக் கட்டிலில் போய்ப் படுத்துவிடுகிறார். ஓமின் பெயர் அவருக்குத் தெரியாது. ஆனால், அந்த வாத்தியாருக்கு அவரைவிட நல்ல மாணவர் கிடைப்பாரா என்ன?