பாரும் பவளப்பாறையும்: மன்னார் வளைகுடாவின் ஒரு சொல் வரலாறு

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட கடற்கரையில் பனைகள் அடர்ந்து நிற்கின்றன. கரைக்கு வரும் பயணிக்கு அவை கண்ணுக்கு இனிய காட்சி. கடலில் நிற்கும் மீனவருக்கோ அவை திசை காட்டும் குறிகள். பனங்கூட்டத்தையும் கோயில் கோபுரத்தையும் தேவாலயத்தின் உச்சியையும் நேர்வைத்துப் பார்த்து, நீருக்கடியில் உள்ள 'பார்' எங்கே என்று கணிப்பது அவர்தம் மரபு. இப்'பார்' என்னும் சொல்லின் பொருளும் அதற்கு நேர்ந்த நிலையும் மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கவை.

கடல்தரையை இவ்வட்டார வழக்கு பார், மணல் என இரண்டாகப் பகுக்கிறது. கெட்டியான தரை எதுவாயினும் அது பார். பவளத்தால் ஆனதா, வேறு கல்லால் ஆனதா என்பது இங்குப் பொருட்டன்று. முத்துச்சிப்பி பற்றி வளர இடந்தருவதே அதன் சிறப்பு. தூத்துக்குடிக் கடலில் உள்ள 'தொள்ளாயிரம் பார்' இவ்வாறு பெயர் பெற்றதே. இலங்கை முத்துக்குளிப்பை 1902இல் ஆராய வந்த ஹெர்ட்மன், 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்த தம் அறிக்கையில் இச்சொல்லை ஆங்கிலத்தில் பெயர்க்காமல் அப்படியே எடுத்தாண்டார். மணலுக்கு மாறானது என அதன் பொருளும் அங்கு விளக்கப்பட்டது.

அயல்மொழியாளர் காத்த சொல்லைத் தமிழ் உரைநடை கைவிட்டது. பாடநூல்களிலும் அரசு ஏடுகளிலும் 'பவளப்பாறை' என்பதே வழங்குகிறது. இதில் இருவகை இடர்ப்பாடு உண்டு. பவளமற்ற பாரும் பவளப்பாறை எனப் பெயர்க்கப்படுவது ஒன்று. இலக்கியத்தில் பவளம் என்பது செந்நிற மணி. முசிறியில் இறக்குமதியான பொருள்களுள் அதனைக் கி.பி. முதல் நூற்றாண்டின் 'பெரிப்ளூஸ்' குறிக்கிறது. மன்னார் வளைகுடாவில் திட்டு எழுப்பும் உயிரினம் அதனின் வேறானது என்பது மற்றொன்று.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961உடன் நின்றது. பார்களைப் பெயர்சொல்லி அழைக்கும் தேவையும் அதனோடு குறைந்தது. சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டப்பட்டதால் கரைந்த பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி ஆகிய தீவுகள் கடலுள் மூழ்கின. 21 தீவுகளை உள்ளடக்கிய கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அமைந்தது. தீவுகளுக்குக் கிடைத்த காப்பு சொற்களுக்குக் கிடைக்கவில்லை.

எனவே பவளத்தால் ஆனதைப் 'பவளப்பார்' என்றும், ஏனையவற்றைப் 'பார்' என்றும் வழங்குதல் பொருத்தமாகும். பார்களின் பெயர்களை முதியோரிடம் கேட்டுத் தொகுப்பது அதனினும் முந்திச் செய்யவேண்டிய பணியாகும்.