வெறுங்காலுடன் வென்ற கேடயம்: மோகன் பகானின் 1911 பருவம்

கொல்கத்தா: இந்தியக் கால்பந்து வரலாற்றில் அதிகம் பேசப்படும் வெற்றி, 1911-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் தேதி கொல்கத்தா மைதானத்தில் நிகழ்ந்தது. அன்றைய ஐ.எஃப்.ஏ. கேடய இறுதிப் போட்டியில், பிரிட்டிஷ் ராணுவத்தின் ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவு அணியை மோகன் பகான் 2-1 என்ற கோல் கணக்கில் வீழ்த்தியது. 1893-இல் தொடங்கிய அத்தொடரில் இந்திய அணி ஒன்று கோப்பையைக் கைப்பற்றியது அதுவே முதல் முறை. வென்ற பதினொருவரில் பூட்ஸ் அணிந்து ஆடியவர் ஒருவர் மட்டுமே.

கொல்கத்தாவில் இந்தியர்களிடையே கால்பந்து முதலில் வேரூன்றியது கல்விக்கூடங்களில்தான். 1877-இல் ஹேர் பள்ளி மாணவரான நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி தன் தோழர்களைத் திரட்டி ஆடத் தொடங்கியதையே வங்கக் கால்பந்தின் தொடக்கமாகக் கொள்வர். 1889-இல் உருவான மோகன் பகான் சங்கத்துக்கும் கல்லூரித் தொடர்பு உண்டு. 'ஸ்போர்ட்டிங்' என்று பெயர் வைத்திருந்தவர்களிடம், மீன்பிடிப்பும் வேட்டையும் இல்லாத சங்கத்துக்கு அச்சொல் பொருந்தாது, 'அத்லெடிக்' என்று மாற்றிக்கொள்ளுங்கள் என அறிவுரை கூறியவர் பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் எஃப்.ஜே. ரோ. பெயர் அவ்வாறே மாறி நிலைத்தது.

1911 அணியிலும் கல்லூரியின் சாயல் இருந்தது. நடுமுன்கள வீரர் அபிலாஷ் கோஷ், ஸ்காட்டிஷ் சர்ச்சஸ் கல்லூரி மாணவர். தற்காப்பில் நின்ற சுதீர் சட்டர்ஜி கல்லூரி ஆசிரியர். பூட்ஸ் அணிந்த அந்த ஒருவர் இவரே. தலைவர் சிப்தாஸ் பாதுரி கால்நடைத் துறையில் பணியாற்றினார். கோல்கீப்பர் ஹீராலால் முகர்ஜிக்குச் செங்கல் சூளையில் வேலை. பணி முடிந்த பிறகே பயிற்சி என்ற நிலையில் இருந்த இவர்கள், விளையாட்டும் உடற்பயிற்சியும் அன்றாடக் கடமையின் பகுதியாக அமைந்த ராணுவ அணிகளை எதிர்கொண்டனர். அணியின் வலிமையை மதிப்பிடும்போது காலணியைக் காட்டிலும் இந்த வேறுபாட்டையே முதலில் கணக்கில் கொள்ள வேண்டும்.

இருப்பினும் இது திடீர் வெற்றி அன்று. 1906, 1907, 1908 ஆகிய மூன்று ஆண்டுகளும் டிரேட்ஸ் கோப்பையை வென்ற அணி அது.

கேடயப் பயணம் ஜூலை 10-ஆம் தேதி ஒரு கல்லூரி அணிக்கு எதிராகவே தொடங்கியது. புனித சேவியர் அணியை 3-0 என வென்ற மோகன் பகான், அடுத்து ரேஞ்சர்ஸ் அணியை 2-1 எனவும், காலிறுதியில் ரைஃபிள் பிரிகேடை 1-0 எனவும் வீழ்த்தியது. அரையிறுதியில் மிடில்செக்ஸ் படைப்பிரிவுடன் நடந்த முதல் ஆட்டம் 1-1 எனச் சமனில் முடிந்தது. மறு ஆட்டத்தில் 3-0 என்ற வெற்றி கிடைத்தது. ஜூலை மாதம் கொல்கத்தாவில் மழைக்காலம். சேறான தரையில் வெறுங்கால் வழுக்கும், பூட்ஸ் பற்றும் என்பதை ஆடியவர்கள் அறிவார்கள்.

இறுதிப் போட்டியைக் காண மக்கள் திரண்ட விதம் தனிக் கதை. கிழக்கிந்திய ரயில்வே சிறப்பு ரயில் இயக்கியது. ஆற்று வழியே நீராவிப் படகுகளிலும் மக்கள் வந்தனர். மைதானத்தின் ஓரத்தில் நிற்க மரப்பெட்டிகள் வாடகைக்கு விடப்பட்டன. பல்லாயிரக்கணக்கானோருக்கு ஆட்டமே கண்ணில் படவில்லை. அவர்களுக்காகக் கோல் நிலவரத்தைத் தெரிவிக்கப் பட்டங்கள் பறக்கவிடப்பட்டன.

இரண்டாம் பாதியில் சார்ஜென்ட் ஜாக்சன் ஃப்ரீ கிக் மூலம் ஈஸ்ட் யார்க்ஷயருக்கு முன்னிலை தந்தார். சிறிது நேரத்தில் சிப்தாஸ் பாதுரி அதைச் சமன் செய்தார். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலை அடித்தார்.

வங்கம் 1905 அக்டோபரில் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அணியில் பலரின் பூர்வீகம் கிழக்கு வங்கம் என்பதால், இரு புறத்தாரும் ஒரே அணியாக நின்று வென்றதாக மக்கள் இதனைக் கொண்டாடினர். அவ்வாண்டு டிசம்பர் 12-ஆம் தேதி டெல்லி தர்பாரில் பிரிவினை ரத்தானது. தலைநகரும் கொல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாற்றப்படும் என அறிவிக்கப்பட்டது. கால்பந்து வெற்றியே பிரிவினையை முறியடித்தது என்ற பேச்சு இன்றும் எழுவதுண்டு. அது மிகைக்கூற்று. ஆண்டுக்கணக்கில் நடந்த சுதேசிப் போராட்டத்தை அப்பேச்சு மறைத்துவிடுகிறது.

மைதானத்திற்குள் நிலைமை மெதுவாகவே மாறியது. கேடயத்தை வென்ற அணிக்குக் கொல்கத்தா லீக்கில் இடம் கிடைக்க 1914 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் இரண்டாம் பிரிவில்தான். மறு ஆண்டு முதல் பிரிவுக்கு உயர்ந்தது. லீக் பட்டத்தை முதலில் வென்ற இந்திய அணி, 1934-இல் முகமதன் ஸ்போர்ட்டிங். கேடயத்தை வென்ற இரண்டாவது இந்திய அணியும் 1936-இல் அதுவே. மோகன் பகானின் கைக்குக் கேடயம் மீண்டும் வந்தது 1947-இல். ஜூலை 29-ஐ அச்சங்கம் ஆண்டுதோறும் 'மோகன் பகான் தினம்' எனக் கொண்டாடி வருகிறது.