நாற்காலி நகரமும் நுண்மரத்தூளும்

மரத்தூள் என்றதும் நம் நினைவுக்கு வருவன, இழைப்புளியிலிருந்து சுருள் சுருளாக விழும் சீவலும் ரம்பத்தின் பல்லிடையே உதிரும் தூளும்தாம். அவற்றைப் பெருக்கி அள்ளிவிட்டால் பட்டறை தூய்மையாகிவிட்டது என்று எண்ணுகிறோம். அந்த எண்ணம் பிழையானது என்பதை உலகுக்கு உணர்த்தியது இங்கிலாந்தின் ஒரு நகரம். வீட்டிலேயே தச்சுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர்களை மனத்திற்கொண்டு அவ்வரலாற்றை இங்கு எழுதுகிறேன்.

இலண்டனுக்கு வடமேற்கே, பக்கிங்ஹாம்ஷயர் மாவட்டத்தில் உள்ளது ஹை விக்கம் நகரம். சுற்றிலும் பீச் மரக்காடுகள். அம்மரத்தைக் கடைந்து நாற்காலி செய்வதே அவ்வூரின் தொழிலாக இருந்தது. 1875ஆம் ஆண்டளவில் நாளொன்றுக்கு 4,700 நாற்காலிகள் அங்கே செய்யப்பட்டதாக ஒரு மதிப்பீடு உண்டு. கைக்கருவிகள் இருந்த இடத்தில் பின்னர் இயந்திரங்கள் வந்தன. கையால் இழைத்தால் சீவல் விழும். அது கனமானது, தரையிலே கிடக்கும். இயந்திரத்தால் அறுத்து, உப்புத்தாளைச் சுழலவிட்டுத் தேய்த்தாலோ மரம் மாவாகிறது. அது காற்றிலே மிதக்கும்.

1960களில் அப்பகுதி மருத்துவர்கள் ஒரு விந்தையைக் கண்டனர். மூக்கறையிலும் அதையடுத்த எலும்புக் குழிகளிலும் தோன்றும் புற்றுநோய் மிக அரியது. ஆயினும் அந்நோயுடன் வந்தவர்களிற் பலர் ஹை விக்கத்தின் மரத்தொழிலாளர்களாக இருந்தனர். காது மூக்குத் தொண்டை மருத்துவர்களான ரொனால்ட் மெக்பெத்தும் எஸ்மி ஹாட்ஃபீல்டும், டொனால்ட் ஆச்சிசனுடன் சேர்ந்து இதனை ஆராய்ந்தனர். முடிவுகள் 1967, 1968ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. அத்தொழிலாளர்களிடையே இந்நோய் பொதுமக்களிடம் காணப்படுவதைவிடப் பன்மடங்கு மிகுந்திருந்தது. தூளைச் சுவாசிக்கத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரே நோய் தலைகாட்டியது. அதனால்தான் காரணத்தை யாரும் அறியவில்லை. 1969இல் பிரிட்டன் இதனைத் தொழில்சார் நோயாக ஏற்றது. 1995இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று முதற்பிரிவில் வகைப்படுத்தியது.

தூளை அகற்றும் கருவி அதற்கு முன்னரே இருந்தது என்பதுதான் வருத்தத்திற்குரிய செய்தி. கூம்பு வடிவக் கலத்துள் காற்றைச் சுழலவிட்டுத் தூளைப் பிரிக்கும் கருவிக்கு 1885இலேயே அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. கனமான துகள்கள் சுவரில் மோதிக் கீழே இறங்க, காற்று மேலே வெளியேறும். மர ஆலைகளின் கூரையில் நின்ற இக்கூம்பைக் கண்டே ஜேம்ஸ் டைசன் தம் வீட்டுத் தூசியுறிஞ்சியை உருவாக்க முனைந்தார் என்பர். ஆனால் மிக நுண்ணிய துகள்கள் காற்றோடே தப்பிவிடும். கண்ணுக்குத் தெரிந்த தூள் அகன்றது, தெரியாதது தங்கியது.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. நம் முன்னோர் தோட்டங்களில் சீவிய பால்மரம், முதிர்ந்தபின் ஒரு காலத்தில் விறகாகவே எரிக்கப்பட்டது. பலகையைப் பதப்படுத்தும் முறை தேர்ந்த பின்னர், அம்மரமே மலேசிய அறைகலன் தொழிலின் முதுகெலும்பாயிற்று. ஜொகூரின் மூவார் நகரம் இதற்குப் பெயர் பெற்றது. பீச்சைப் போலவே ரப்பரும் அகன்ற இலை மரம். இவ்வகை மரங்களின் தூளே மூக்குப் புற்றுநோயுடன் மிகுதியாகத் தொடர்புபடுத்தப்பட்டுள்ளது.

தொழிற்சாலைக்குச் சட்டம் உண்டு. பிரிட்டன் 2020இல் இவ்வகை மரத்தூளுக்கான வரம்பை ஒரு கன மீட்டர் காற்றுக்கு 5 மில்லிகிராமிலிருந்து 3 மில்லிகிராமாகக் குறைத்தது. இஃது எட்டு மணி நேரச் சராசரி. ஒரு சிறு கணக்குப் போடுவோம். 6 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமும் உள்ள அறையின் கொள்ளளவு 45 கன மீட்டர். அங்கே 135 மில்லிகிராம் தூள் மிதந்தாலே அவ்வளவு எட்டப்படும். அதாவது ஒரு கிராமில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு! உப்புத்தாள் இயந்திரம் அதனைத் தர நெடுநேரம் ஆகாது. வீட்டுப் பட்டறைக்கோ மேற்பார்வையாளர் எவரும் வருவதில்லை.

ஆகவே நாமே காவலராதல் வேண்டும். தூள் தோன்றும் இடத்திலேயே உறிஞ்சும் குழாயைப் பொருத்துவது முதற்பணி. மிதந்துவிட்ட தூளைத் துரத்திப் பிடிப்பது அரிது. சாதாரணத் துணிப்பையில் பெரியன தங்கும். நுண்ணியன மீண்டும் அறைக்குள்ளேயே வீசப்படும். ஆதலால் 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 99.97 விழுக்காட்டைத் தடுக்கும் ஹெப்பா வடிகட்டியைப் பொருத்துதல் வேண்டும். அன்றேல் காற்றை வெளியே செலுத்திவிடலாம். துடைப்பத்தாற் பெருக்குவதும் காற்றடித்து ஊதுவதும் அடங்கிய தூளை எழுப்பிவிடும். முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 முகக்கவசம் இவற்றுக்குத் துணையே அன்றி மாற்றன்று. வேலை முடிந்ததும் உடனே கவசத்தைக் கழற்றிவிடலாகாது. இயந்திரம் நின்ற பின்னும் நுண்தூள் நெடுநேரம் மிதந்துகொண்டிருக்கும்.

ஹை விக்கத் தொழிலாளர்களுக்கு இவற்றைச் சொல்வார் இல்லை. நமக்கு இருக்கிறார்கள். பட்டறையை விளையாடுமிடமாகக் கொள்ளும் பிள்ளைகள் வீட்டில் இருப்பின், அடுத்த முறை இயந்திரத்தை முடுக்குமுன் அவர்களை வெளியே அனுப்பிக் கதவை அடைத்துவிடுங்கள், நண்பர்களே.