பத்தாங் பாடாங் மலையிலிருந்து ஒரு கணக்கு

ஈர்ப்பு நிலையாற்றல் என்றவுடன் நம் மாணாக்கர்க்கு நினைவில் எழுவது மேசையிலிருந்து விழும் பந்துதான். பீடோர், தாப்பா வட்டாரத்து ஆசிரியர்கள் பந்தைத் தேட வேண்டியதில்லை. நமக்கு மேலே ஒரு மலையே அக்கணக்கை 1963ஆம் ஆண்டு முதல் செய்து காட்டி வந்துள்ளது.

கேமரன் மலையில் பிறக்கும் பெர்த்தாம் ஆற்று நீர், இயல்பாகப் பகாங் பக்கம் இறங்கித் தென் சீனக் கடலைச் சேர வேண்டியது. மலாயா விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1958இல், உலக வங்கியின் கடன் கிடைத்தது. மத்திய மின்சார வாரியம் மலையைக் குடைந்து அந்நீரைப் பேராக் பக்கம் திருப்பியது. ரிங்லெட்டில் சுல்தான் அபு பாக்கார் அணை எழுந்தது. கீழே ஜோரில், நிலத்தடியில், சுல்தான் யூசோப் மின்நிலையம் 1963இல் இயங்கத் தொடங்கியது.

இத்துணைப் பாடும் உயரத்திற்காகவே. நீரின் வீழ்ச்சி ஏறத்தாழ 570 மீட்டர். அதனை 9.8ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 5,600 வரும். அதாவது, ஒவ்வொரு கிலோகிராம் நீரும் இறங்குகையில் 5,600 ஜூல் தருகிறது. இதுவே இரு இடங்களுக்கிடையே உள்ள ஈர்ப்பழுத்த வேறுபாடு. நீர் எவ்வளவு என்ற கேள்வி இதில் இன்னும் வரவில்லை என்பதைக் கவனிக்க. நிலையத்தின் திறன் 100 மெகாவாட். நொடிக்குப் பத்துக் கோடி ஜூல். வகுத்துப் பார்த்தால் நொடிக்குச் சுமார் 18 டன் நீர் தேவை. இழப்புகளையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

அதே நீர், பத்தாங் பாடாங் ஆற்று நீரும் சேர, மேலும் கீழே வோ மின்நிலையத்தில் மீண்டும் உழைக்கிறது. 1960களின் இறுதியில் அமைந்த அந்நிலையத்தின் திறன் 150 மெகாவாட். "ஜோரில் ஆற்றல் தீர்ந்துவிட்டதே, ஐயா?" என்று வகுப்பில் ஒருவராவது கேட்க வேண்டும். (கேட்காவிட்டால் நாமே கேட்டுவிடலாம்!) சுழியம் எங்கே என்பது நாம் வைத்துக்கொள்வது, வேறுபாடு மட்டுமே உண்மையில் வேலை செய்கிறது. மேல்வகுப்பில் சுழியத்தை முடிவிலியில் வைப்பர். அப்போது புவிப்பரப்பில் ஈர்ப்பழுத்தம் கிலோகிராமுக்குக் கழித்தல் ஆறேகால் கோடி ஜூல் அளவில் இருக்கும். அவ்வளவு பெரிய எண்ணில் நம் 5,600 ஒரு துளி. ஆயினும் விளக்கெரிவது அத்துளியால்தான்.

உயரத்தை மலை மாற்றவில்லை. மாறியது நீரின் அளவு. சரிவுகளில் காடு அழிக்கப்பட்டு வேளாண்மையும் கட்டடங்களும் பெருக, மழையோடு வந்த மண் ரிங்லெட் நீர்த்தேக்கத்தை நிரப்பியது. சேற்றை அள்ளிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. சேறு அடைத்த இடத்தில் நீர் தங்காது. பெருமழையில் தேக்கம் விரைவில் நிரம்பிவிடும். 2013 அக்டோபர் 23ஆம் நாள், நள்ளிரவுக்குப் பின், அணை திறக்கப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகள் சேதமுற்றன, உயிர்களும் பலியாயின. அன்று அந்த நீர் சுரங்கத்தின் வழியே நம் பக்கம் வரவில்லை. தன் பழைய வழியிலேயே, பகாங் பக்கம் இறங்கியது.