வீணடிக்கத் தெரிஞ்சவர்

பொட்டி தட்டுற ஆளுங்களைக் கேட்டா, ஹார்டுவேர் கல்லுல வெட்டின எழுத்து, மாத்த முடிஞ்சது சாப்ட்வேர் மட்டும்தான்னு சொல்வாங்க. 1960-லயே இதைக் கேள்வி கேட்டவர் ஜெரால்ட் எஸ்ட்ரின். பிரின்ஸ்டன்ல வான் நியூமன் குழுவுல கம்ப்யூட்டர் கட்டினவர், பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ்ல பேராசிரியர்.

பொதுவான ப்ராசஸர் எந்தக் கணக்கையும் போடும், ஆனா படிப்படியா. ஒரே கணக்குக்குன்னு கட்டின சர்க்யூட் சட்டுனு முடிக்கும், ஆனா வேற எதுக்கும் உதவாது. எஸ்ட்ரின் சொன்னது, ரெண்டையும் சேர்த்து வைப்போம்: ஒரு பகுதி நிலையா இருக்கட்டும், இன்னொண்ணு கணக்குக்குத் தகுந்தபடி மாறட்டும். நல்ல யோசனைதான். ஆனா மாத்தணும்னா பலகைகளையும் கம்பிகளையும் கையால கழட்டி மாட்டணும்!

யோசனை 25 வருஷம் காத்திருந்தது.

1984-ல ராஸ் ஃப்ரீமன் ரெண்டு நண்பர்களோட ஸைலிங்க்ஸ் ஆரம்பிச்சார். 1985-ல வந்தது எக்ஸ்.சி.2064, முதல் எஃப்.பி.ஜி.ஏ. சிப். உள்ளே 64 கட்டங்கள். ஒவ்வொண்ணுலயும் ஒரு குட்டி வாய்ப்பாடு: இந்த 0, 1 உள்ளே வந்தா இந்த விடைன்னு மெமரில எழுதி வெச்சது. கட்டங்களை இணைக்கிற பாதைகளும் அப்படியே, மெமரில எழுதினபடி இணையறவை. வாய்ப்பாட்டைத் திருத்தி எழுதினா சர்க்யூட்டே வேற. ஸ்குரூ டிரைவர் வேண்டாம்.

இதுக்கு விலை? சுமார் 85,000 டிரான்சிஸ்டர். கிடைச்சது ஏறத்தாழ ஆயிரம் கேட். சாதாரணமா கேட்டுக்கு 4 டிரான்சிஸ்டர்னு வெச்சா 4,000 போதும். இருபது மடங்கு விரயம்! டிரான்சிஸ்டரை எண்ணி எண்ணிச் செலவு செஞ்ச காலம் அது. ஃப்ரீமன் போட்ட கணக்கு வேற: மூர் விதிப்படி டிரான்சிஸ்டர் நாளுக்கு நாள் மலிவாகும், டிசைன் பண்றவன் நேரம் ஆகாது.

கணக்கு பலிச்சது. 2014-ல மைக்ரோசாப்ட் 1,632 சர்வர்கள்ல எஃப்.பி.ஜி.ஏ. மாட்டிப் பார்த்ததுல, பிங் தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தற வேலை ஒவ்வொரு சர்வர்லயும் 95% கூடுச்சு. 2022-ல ஸைலிங்க்ஸையே ஏ.எம்.டி. வாங்கிடுச்சு.

எஸ்ட்ரின் 2012 வரைக்கும், 90 வயசு வரைக்கும் இருந்து தன் யோசனை வளர்ந்ததைப் பார்த்தார். ஃப்ரீமன் 1989-லயே போய்ட்டார், வயசு 41. அமெரிக்காவோட தேசிய கண்டுபிடிப்பாளர்கள் பட்டியல்ல அவர் பேர் ஏறினது 2009-ல.

சிக்கனம்தான் எஞ்சினியரிங்னு காலேஜ்ல படிச்சோம். எதைத் தாராளமா வீணடிக்கலாம்னு முன்கூட்டியே தெரிஞ்சிக்கறதும் எஞ்சினியரிங்தான். அந்தப் பாடத்தை நடத்தினவர், ரிசல்ட் முழுசா வர்றதுக்குள்ள கிளம்பிட்டார்ங்கறதுதான் மனசைப் பிசையுது.