மகேந்திரகிரியிலிருந்து காணும் விண்வெளித் துறை

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்தில் செல்வோர், பணகுடியை அடுத்து வலப்புறத்தே ஓங்கி நிற்கும் மலையைக் கண்டிருப்பர். அதுவே மகேந்திரகிரி. அனுமன் இலங்கைக்குத் தாவியது இம்மலையிலிருந்துதான் என்று நம் பக்கத்துப் பெரியோர் சொல்வதுண்டு. இன்று அதன் அடிவாரத்தில் ராக்கெட் எஞ்சின்கள் பறவாமலே முழங்குகின்றன. அவற்றைத் தரையில் இறுகப் பிணைத்து எரியவிட்டுச் சோதிக்கிறார்கள். "ராக்கெட் பறப்பது ஸ்ரீஹரிகோட்டாவில், இங்கே எதற்கு ஐயா தனி நிலையம்?" என்று முன்னொரு நாள் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். நான் அன்று சொன்ன விடை அரைகுறையானது. முழு விடையைக் காண, நம் விண்வெளித் துறை அமைந்த வரலாற்றைச் சற்றே பார்க்கவேண்டும்.

1962-இல் விண்வெளி ஆராய்ச்சிக்கென ஒரு தேசியக் குழு அமைந்தபோது, அது அணுசக்தித் துறையின் நிழலிலேயே வளர்ந்தது. விக்ரம் சாராபாய் அதன் தலைவர். திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில், மீனவர் குடியிருப்புக்கு நடுவே, மாதா கோயில் ஒன்றே முதல் அலுவலகமாயிற்று. 1963 நவம்பர் 21-ஆம் நாள் அங்கிருந்து முதல் ராக்கெட் எழும்பியது. 1969 ஆகஸ்டு 15-இல் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது. 1971 டிசம்பர் 30-இல் சாராபாய் திடீரென மறைந்தார். அவருக்குப் பின் நிலையான ஏற்பாடு வேண்டுமென்று 1972-இல் விண்வெளி ஆணையமும் விண்வெளித் துறையும் நிறுவப்பட்டன. பொறுப்பு சதீஷ் தவன் கைக்கு வந்தது. அமெரிக்காவில் 1958-இல் நாசா அமைந்தபோது செய்ததைப் போலவே, இங்கும் இப்பணி படைத்துறையின் கீழ் வைக்கப்படவில்லை.

அன்று வகுத்த அமைப்பே பெரும்பாலும் இன்றும் நிற்கிறது. கொள்கை வகுப்பது ஆணையம். அதனை நிறைவேற்றுவது துறை. ஆராய்ச்சியும் ஆக்கமும் நிறுவனத்தின் வேலை. துறை நேரே பிரதமரின் பொறுப்பில் உள்ளது. ஆனால் ஆணையத்தின் தலைவர், துறையின் செயலாளர், நிறுவனத்தின் தலைவர் ஆகிய மூவரும் ஒரே ஆள்! கோப்பு ஒரு மேசையிலிருந்து மறுமேசைக்கு நகர மாதங்கள் கழியும் நம் நாட்டில், இதனால் விளைந்த வேகம் பெரிது. எனினும் மூன்று நாற்காலிகளிலும் ஒருவரே அமர்ந்திருந்தால் அவரை நோக்கி 'நில்' என்று சொல்பவர் யார்?

இதற்கு விடை கீழே உள்ள நிலையங்களில் இருக்கிறது. தாமிரபரணியில் கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கால்வாய், தனிப் பாசனம்; ஓடும் நீரோ ஒன்று. விண்வெளி நிலையங்களும் அப்படியே. திருவனந்தபுரத்தில் ராக்கெட்டை வடிவமைக்கிறார்கள், பெங்களூரில் செயற்கைக்கோளை உருவாக்குகிறார்கள், அகமதாபாதில் அதன் கருவிகள், ஹைதராபாதில் அது அனுப்பும் படங்களை ஆராய்தல், ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதல். ஒவ்வொன்றுக்கும் ஓர் இயக்குநர். பல நிலையத்தாரையும் ஒரு வேலைக்காக இணைப்பவர் திட்ட இயக்குநர். எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டுக்கு அப்பொறுப்பை ஏற்றவர் இராமேசுவரத்து அப்துல் கலாம். 1979 ஆகஸ்டில் அது கடலில் வீழ்ந்தபோது பத்திரிகையாளர் முன் பழியைத் தாம் ஏற்றவர் தவன். 1980 ஜூலையில் வென்றபோது கலாமைப் பேசச் சொன்னார்.

இனி மகேந்திரகிரிக்கு வருவோம். பொதுத்தேர்வில் ஆசிரியன் தன் மாணவரின் விடைத்தாளைத் தானே திருத்துவதில்லை. அன்பு கண்ணை மறைக்கும் என்பதனால்தான் இந்த ஏற்பாடு. ராக்கெட்டிலும் இது பொருந்தும். சோவியத் நாடு சந்திரனுக்கு ஆள் அனுப்ப 'என்-1' என்னும் மாபெரும் ராக்கெட்டைச் செய்தது. அதன் முதல் அடுக்கில் 30 எஞ்சின்கள். அவ்வடுக்கை முழுமையாகத் தரையில் எரித்துச் சோதிக்கும் மேடை கட்டப்படவில்லை. 1969 முதல் 1972 வரை நான்கு முறை ஏவினார்கள், நான்கும் தோற்றன.

நமக்கும் அடி விழுந்தது. திரவ ஹைட்ரஜன் சுழிக்குக் கீழ் 253 பாகைக் குளிரில் இருப்பது. அதனை எரிக்கும் கிரையோஜெனிக் எஞ்சினின் நுட்பத்தை ரஷ்யாவிடமிருந்து பெற 1991-இல் உடன்பாடு ஆயிற்று. அமெரிக்காவின் எதிர்ப்பால் நுட்பம் வரவில்லை, செய்து முடித்த எஞ்சின்களே வந்தன. நாமே செய்த எஞ்சினுடன் 2010 ஏப்ரல் 15-இல் ஏவிய ராக்கெட் கடலில் வீழ்ந்தது. அதன்பின் மகேந்திரகிரியில், வானின் மேலுள்ள வெற்றிடத்தைத் தரையிலேயே உண்டாக்கி, அதில் எஞ்சின் பற்றுகிறதா என்று சோதித்தனர். 2013 ஆகஸ்டில் ஏவும் நாளன்று, சற்றேறக்குறைய ஒரு மணி நேரமே எஞ்சியிருக்கையில், இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிந்தது, உடனே நிறுத்திவிட்டார்கள். 'நில்' என்ற சொல்லுக்கு அங்கே மதிப்பு இருந்தது. 2014 ஜனவரி 5-இல் அதே ராக்கெட் வென்றது.

அதற்கு 27 நாட்கள் கழித்து, பிப்ரவரி 1-இல், அதுவரை எஞ்சின் செய்யும் நிலையத்தின் ஒரு பிரிவாயிருந்த மகேந்திரகிரி தனி நிலையமாக்கப்பட்டது. எஞ்சின்களைப் பொருத்தும் வேலையும் அங்கே நடப்பதால் என் விடைத்தாள் உவமை முழுவதும் பொருந்தாதுதான். ஆயினும் சோதிக்கும் இடத்துக்கு இயக்குநர் ஒருவர் உண்டு; பிறருடன் ஒப்ப அமர்ந்து அவர் பேசலாம்.

2024 பிப்ரவரி 28-இல் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென்திசை செல்லும் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைந்து போகவேண்டும். குலசேகரப்பட்டினத்திலிருந்து நேரே போகலாம். அனுமனுக்கு வழியில் நின்ற இலங்கை அங்கே குறுக்கிடாது. மகேந்திரகிரிக்கும் அதற்கும் இடையே நூறு கிலோமீட்டர்கூட இல்லை. அன்று கேள்வி கேட்ட மாணவன் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருந்தால், தம்பி, அரைகுறையாய் விட்ட விடையின் மறுபாதி இதுதான்.