போலிக் கல்லும் மெய்ச் சிரிப்பும்: சீனத்தின் சிறுமுதல் குற்ற நகைச்சுவைப் படங்கள்

சீனத் திரைப்படம் என்றதும் நம் நினைவில் எழும் காட்சிகள் பெரும்பாலும் இரண்டே வகையின. ஒன்று, பட்டாடை அணிந்த வாள்வீரர்கள் மூங்கில் காட்டின் மேல் மிதந்து செல்லும் காட்சி. மற்றொன்று, திரைவிழாக்களில் விருது பெறும், நீண்ட மௌனங்கள் நிறைந்த கிராமத்துத் துயரம். இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு மரபு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வளர்ந்து வந்திருப்பதை நாம் போதிய அளவு கவனித்ததில்லை. சிறிய முதலீட்டில், பெரும்பாலும் புகழ்பெறாத நடிகர்களைக் கொண்டு, மாகாண நகரங்களின் சந்துகளில் எடுக்கப்பட்ட குற்ற நகைச்சுவைப் படங்களின் மரபு அது. திருடர்கள் திருடத் தெரியாதவர்களாக இருப்பார்கள். காவலாளிக்குச் சம்பளம் வந்திருக்காது. பிணம் ஒன்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். நாம் சிரிப்போம். சிரித்து முடித்ததும் எதற்காகச் சிரித்தோம் என்ற கேள்வி எஞ்சும். அந்தக் கேள்வியின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேரைத் தேடினால் 17ஆம் நூற்றாண்டுக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. மிங் அரசமரபின் இறுதிக் காலத்தில் வாழ்ந்த ஃபெங் மெங்லாங் (1574–1646) தொகுத்து வெளியிட்ட சிறுகதைத் திரட்டுகளுள் ஒன்று 1627இல் வெளிவந்தது. அதிலுள்ள கதை ஒன்றில், மாமனாரிடம் பதினைந்து சரம் நாணயம் வாங்கி வரும் ஒருவன், குடிபோதையில் தன் இரண்டாம் மனைவியிடம், “உன்னை விற்றுத்தான் இந்தப் பணம் கிடைத்தது” என்று விளையாட்டாகச் சொல்கிறான். அதை நம்பி அவள் இரவோடு இரவாக வெளியேறுகிறாள். திறந்து கிடந்த வீட்டில் புகுந்த திருடன் அவனைக் கொன்று பணத்தை எடுத்துச் செல்கிறான். வழியில் அவளுடன் நடந்துவந்த பட்டு வியாபாரி இளைஞன் ஒருவனின் பையிலும் சரியாகப் பதினைந்து சரம் நாணயம் இருக்கிறது. இருவரும் பிடிபட்டுச் சித்திரவதைக்கு உள்ளாகி மரண தண்டனை அடைகின்றனர். ஒரு வேடிக்கைப் பேச்சு, ஒரு தற்செயல், மூன்று உயிர்கள். தற்செயல் இல்லாமல் கதை இல்லை என்ற பொருளில் சீனத்தில் ஒரு பழமொழி உண்டு. ஆனால் இங்கே தற்செயல் கதையை நகர்த்துவதோடு நின்றுவிடவில்லை. விசாரிக்கச் சோம்பிய நீதிமன்றத்தின் மீதான குற்றச்சாட்டாகவும் அதுவே அமைகிறது.

இதே கதை பின்னர் நாடகமானபோது, நேர்மையான அதிகாரி ஒருவர் வந்து நிரபராதிகளைக் காப்பாற்றிவிடுகிறார். 1956இல் குன்ச்சு இசைநாடக வடிவில் அது மீண்டும் மேடையேறியபோது மக்கள் சீன அரசே அதைக் கொண்டாடியது. கதையில் மாண்டவர்கள் மேடையில் பிழைக்கிறார்கள். நல்ல அதிகாரி ஒருவர் வந்தே தீர வேண்டும் என்ற இந்த நிர்ப்பந்தத்தை, நாம் பேசவிருக்கும் படங்களிலும் வேறொரு உருவில் சந்திக்கப் போகிறோம்.

திரையில் இவ்வகை நகையின் முன்னோடி என ஹுவாங் ஜியான்ஷின் 1985இல் இயக்கிய ‘கறுப்புப் பீரங்கி நிகழ்ச்சி’யைச் சொல்லலாம். சீனச் சதுரங்கக் காய் ஒன்றைத் தொலைத்த பொறியாளர், அதைத் தேடித் தருமாறு தந்தி அடிக்கிறார். ‘கறுப்புப் பீரங்கி’ என்ற சொல்லைக் கண்டதும் அதிகாரிகளுக்கு உளவுச் சந்தேகம் வந்துவிடுகிறது. விசாரணை, கூட்டம், மீண்டும் கூட்டம். மொழிபெயர்ப்புப் பணியிலிருந்து அவரை விலக்கியதால் விலையுயர்ந்த இயந்திரம் பழுதாவதுதான் மிச்சம். நடக்காத குற்றத்தை நடந்ததாகக் கருதும் அமைப்பின் அபத்தத்தை அப்படம் காட்டியது. அடுத்த இருபது ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. குற்றங்கள் மெய்யாகவே நடந்தன. அவற்றைக் காண அமைப்பு இல்லை.

அந்த மாற்றத்தின் பெயர் வேலையிழப்பு. 1990களின் பிற்பகுதியில் நட்டத்தில் இயங்கிய அரசு ஆலைகளைச் சீனம் மூடவும் விற்கவும் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையை இழந்தனர். வீடு, மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு என்று பிறப்பு முதல் இறப்பு வரை எல்லாவற்றையும் ஆலையே கவனித்துக்கொள்ளும் என்ற உறுதி மறைந்தது. ஆலைக் கட்டடத்தைவிட ஆலை நின்ற நிலத்துக்கு மதிப்பு கூடியது. இதே காலத்தில் கிராமங்களிலிருந்து கோடிக்கணக்கானோர் நகரங்களுக்கும் சுரங்கங்களுக்கும் இடம்பெயர்ந்தனர்.

இந்தப் பின்புலத்தின் இருண்ட முகத்தை முதலில் காட்டியது லி யாங்கின் ‘குருட்டுச் சுரங்கம்’ (2003). லியு சிங்பாங்கின் குறுநாவலைத் தழுவிய படம். இரண்டு ஏமாற்றுக்காரர்கள் வேலை தேடி வருபவனை உறவினன் என்று சொல்லிச் சுரங்கத்தில் சேர்த்து, கீழே வைத்துக் கொன்று, விபத்து என்று காட்டி, இழப்பீட்டுத் தொகையை வாங்கிக்கொள்கிறார்கள். உரிமம் இல்லாத சுரங்கத்தின் முதலாளியும் விவகாரம் வெளியே தெரியாமலிருக்கப் பணத்தைக் கொடுத்துவிடுகிறான். அடுத்து அவர்களிடம் மாட்டுபவன் பதினாறு வயதுச் சிறுவன். பெண்ணுறவு அறியாமல் ஒரு பையன் சாகலாமா என்று கொலைகாரர்களுள் ஒருவனுக்கு மனம் உறுத்துகிறது, கொலை தள்ளிப்போகிறது. கொலைகாரனின் இந்த மரியாதையுணர்வைக் கண்டு நாம் சிரிக்கிறோம். சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. 2003 பெர்லின் விழாவில் வெள்ளிக் கரடி பெற்ற இப்படம் சீனத் திரையரங்குகளில் வெளியாகவில்லை. ஆனால் நிஜம் அதை மறக்கவில்லை. 2016இல் உள் மங்கோலியாவில், இதே முறையில் பதினேழு பேரைக் கொன்றதாக 74 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டபோது, சீன ஊடகங்கள் அதைக் குறிக்க இப்படத்தின் பெயரையே பயன்படுத்தின.

‘குருட்டுச் சுரங்கம்’ மூடிய கதவைத் திறந்து உள்ளே நுழைந்தது சிரிப்பு. 2006 ஜூன் இறுதியில் வெளிவந்த நிங் ஹாவின் ‘கிறுக்குக் கல்’ இம்மரபின் திருப்புமுனை. ஷான்ஷி மாகாணத்தின் தையுவான் நகரில் 1977இல் பிறந்த நிங் ஹாவ், ஏற்கெனவே ‘ஊதுபத்தி’ (2003) என்ற மிகச் சிறிய படத்தை எடுத்திருந்தார். உடைந்த புத்தர் சிலையைச் செப்பனிடப் பணம் திரட்டும் கிராமத்துத் துறவி, யாசித்தும் பிறகு ஏமாற்றியும் காசு சேர்த்துச் சிலையை முடிக்கும்போது, சாலைக்காகக் கோயிலையே இடிக்கப்போகிறார்கள் என்று தெரியவருகிறது. அறம் காக்கப் பணம் வேண்டும், பணம் சேர்க்க அறத்தைக் கைவிட வேண்டும் என்ற சுழலை நிங் ஹாவ் அப்போதே கண்டுகொண்டார் எனலாம்.

‘கிறுக்குக் கல்’லின் தயாரிப்புச் செலவு சுமார் 30 லட்சம் யுவான். ஆசியாவின் புதிய இயக்குநர்களுக்கு உதவ ஹாங்காங் நடிகர் ஆண்டி லாவ் தொடங்கிய திட்டத்தின் கீழ், டிஜிட்டல் முறையில் எடுக்கப்பட்டது. ஜாங் யிமோவும் சென் கைகேயும் பிரம்மாண்ட அரசகதைகளில் மூழ்கியிருந்த ஆண்டுகள் அவை. அத்தகைய சூழலில் பெரிய நட்சத்திரம் இல்லாத இப்படம் வாய்மொழியாகவே பரவி 2 கோடி யுவானுக்கு மேல் ஈட்டியது.

கதை சோங்கிங் நகரில் நிகழ்கிறது. நொடித்துப்போன கைவினைப்பொருள் ஆலை. தொழிலாளர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. நிலத்தை வளைக்கக் காத்திருக்கும் ரியல் எஸ்டேட் முதலாளி. பழைய கழிப்பறையை இடிக்கும்போது விலைமதிப்பற்ற பச்சைக்கல் ஒன்று கிடைக்கிறது. நுழைவுச்சீட்டு போட்டு அதைக் காட்சிக்கு வைத்துக் கடனைத் தீர்க்கலாம் என்று ஆலை நிர்வாகி முடிவெடுக்கிறார். காவல் பொறுப்பு பாவ் ஷிஹோங்குக்கு. அவருக்குச் சிறுநீர் போவதில் சிக்கல். கல்லைக் குறிவைத்து உள்ளூர்த் திருடர் மூவரும், நவீனக் கருவிகளோடு ஹாங்காங்கிலிருந்து வரும் தொழில்முறைத் திருடன் ஒருவனும் இறங்குகிறார்கள். உள்ளூர்த் திருடர்களும் காவலர்களும் ஒரே விடுதியின் அடுத்தடுத்த அறைகளில் தங்கியிருப்பதுதான் வேடிக்கை. இடையில் நிர்வாகியின் மகனே கல்லைத் திருடிப் போலியை வைத்துவிடுகிறான். அதன்பின் எது மெய், எது போலி என்று கையில் வைத்திருப்பவனுக்கே தெரியாத நிலை. திருடர்கள் மெய்யான கல்லைப் போலி என்று எண்ணி, அதைக் கொண்டுபோய்க் காட்சிப் பெட்டியில் வைத்துவிட்டுப் போலியைத் திருடி வருகிறார்கள். ஹாங்காங் திருடன் கூரையிலிருந்து வீரமாக இறங்குகிறான்; வாங்கிய கயிற்றின் நீளம் போதாமல் அந்தரத்தில் தொங்குகிறான்.

இப்படம் வெளிவந்தபோது கை ரிட்சியின் ஆங்கிலப் படங்களின் சாயல் இதில் உண்டு என்று விமரிசகர்கள் சுட்டினர். அது உண்மையே. ஒரே நிகழ்ச்சியைப் பல கோணங்களில் திரும்பக் காட்டும் உத்தியும் வெட்டி ஒட்டும் வேகமும் அங்கிருந்து வந்தவைதாம். ஆயினும் லண்டன் ரவுடிகளின் சாமர்த்தியம் இங்கில்லை. இங்கே எல்லாருக்கும் பணம் தேவைப்படுகிறது, யாருக்கும் எதுவும் சரியாகச் செய்ய வரவில்லை என்பதே அடிநாதம். தொல்காப்பியர் நகைக்குச் சொல்லும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலைக் காட்டிலும் பேதைமையும் மடமும் இங்கே மேலோங்கி நிற்கின்றன. நிங் ஹாவ் தன் மாந்தரை மேலிருந்து பார்த்து எள்ளுவதில்லை. அவர்கள் அறியாமையின் அருகில் நின்று சிரிக்கிறார்.

நகரமும் ஒரு பாத்திரமாகிறது. மலைச்சரிவுகளில் அடுக்கடுக்காக எழுந்த சோங்கிங்கில், யாங்சி ஆற்றின் மேல் 1987 முதல் தொங்கூர்தி ஓடுகிறது. படத்தின் தொடக்கத்தில் அந்த ஊர்தியிலிருந்து விழும் குளிர்பான டப்பா கீழே ஒருவரின் வாகனத்தைப் பதம்பார்க்க, அதிலிருந்து நிகழ்ச்சிகள் சங்கிலியாக இழுக்கின்றன. மேலே விளையாட்டாக நடப்பது கீழே இருப்பவன் தலையில் விழுகிறது. ஃபெங் மெங்லாங்கின் குடிகாரன் சொன்ன வேடிக்கைப் பேச்சை இங்கே நாம் நினைவுகூராமல் இருக்க முடியாது.

மொழியும் முக்கியம். அரசு ஊடகங்களின் செம்மைப்பட்ட மாண்டரின் இப்படங்களில் அரிதாகவே ஒலிக்கும். சோங்கிங் பேச்சு, ஹுவாங் போவின் சிங்டாவ் வட்டார வழக்கு, ஹாங்காங்காரனின் கான்டனீஸ் என்று ஒவ்வொருவரும் தத்தம் ஊர்மொழியில் திட்டிக்கொள்கிறார்கள். வட்டார வழக்கை இலக்கியத்துக்குள் கொண்டுவந்தபோது நமக்குக் கிடைத்த உயிர்ப்பை அறிந்த வாசகர்களுக்கு இதன் வலிமையை விளக்க வேண்டியதில்லை.

இனித் தணிக்கை. சீனத்தில் வயதுவாரித் தரச்சான்று முறை இல்லை. ஒரு படம் எல்லாருக்கும் உரியதாக இருக்க வேண்டும், இல்லையேல் யாருக்கும் இல்லை. குற்றம் தண்டிக்கப்பட வேண்டும், காவல்துறை இழிவுபடக் கூடாது. 1956இன் மேடையில் தோன்றிய நல்ல அதிகாரியை இங்கும் எதிர்பார்க்கிறார்கள். குற்ற நகைச்சுவை இதற்குக் கண்டுபிடித்த வழி நுட்பமானது. திருடர்களை யாரும் பிடிக்க வேண்டியதில்லை; தற்செயல்களால் அவர்களே தங்களை வீழ்த்திக்கொள்வார்கள். விதியும் நிறைவேறிற்று, பொய்யான வீரரும் வரவில்லை. எனினும் இவ்வழி எப்போதும் பலித்ததில்லை. நிங் ஹாவின் அடுத்த படமான ‘கிறுக்குப் பந்தயம்’ (2009) 10 கோடி யுவானைக் கடந்து ஈட்டியது. ஆனால் அதே ஆண்டில் அவர் படமாக்கிய ‘ஆளற்ற வெளி’ 2013 டிசம்பரில்தான் திரைக்கு வர முடிந்தது. பாலைவனத்தில் ஒருவரையொருவர் வேட்டையாடும் மனிதர்களைக் காட்டிய அப்படத்தில் சிரிப்பு குறைவு. சிரிப்பைக் குறைத்ததற்கு நான்காண்டு விலை என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது.

இம்மரபு பின்னர்ப் பல கிளைகளாகப் பிரிந்தது. ஷின் யூகுனின் ‘மலையில் ஒரு சவப்பெட்டி’ (2014) சுமார் 17 லட்சம் யுவானில் உருவானது. ஒரு கிராமத்தில் எரிந்த பிணம் ஒன்று கிடைக்கிறது. ஒரே சவப்பெட்டி வெவ்வேறு வீடுகளுக்குப் போய்த் திரும்புகிறது. ஒவ்வொரு வீட்டாரும் ஒரு பொய்யை மறைக்கவே அழுகிறார்கள். கெங் ஜுனின் ‘லேசும் மகிழ்ச்சியும்’ (2017இல் சன்டான்ஸ் விழாவில் விருது பெற்றது) வடகிழக்கின் பனி மூடிய, ஆளொழிந்த தொழில்நகரில் நிகழ்கிறது. முகர்ந்தால் மயங்கச் செய்யும் சோப்பை விற்பவனும் போலித் துறவியும் ஒருவரையொருவர் ஏமாற்ற முயல்கிறார்கள். ஊரில் ஏமாறுவதற்கு வேறு ஆளில்லை. லியு ஜியான் மூன்றாண்டுகள் பெரும்பாலும் தனியாளாக வரைந்து உருவாக்கிய ‘இனிய நாளாகட்டும்’ 2017இல் பெர்லின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. தவறான அழகு அறுவையால் முகம் சிதைந்த காதலிக்காக ஓர் ஓட்டுநர் பத்து லட்சம் யுவான் பையைத் திருட, ஊரே அந்தப் பையின் பின்னால் ஓடுகிறது.

ராவ் ஷியாவ்ஜியின் ‘பெயரற்றவர்கள்’ (2018) 79 கோடி யுவான் ஈட்டி இம்மரபை வெகுமக்களிடம் கொண்டுசேர்த்தது. குயிஜோவ் மாகாணத்தில், கைப்பேசிக் கடையைக் கொள்ளையடிக்கும் இருவர் கொண்டுவருபவை அத்தனையும் காட்சிக்கு வைத்த பொம்மைக் கைப்பேசிகள். அவர்கள் ஒளிந்துகொள்ளும் வீட்டிலோ கழுத்துக்குக் கீழே அசைவற்ற பெண் ஒருத்தி. அவள் துப்பாக்கியைக் கண்டு அஞ்சவில்லை. தன்னைச் சுட்டுவிடும்படி கேட்கிறாள். மிரட்டலுக்கு மதிப்பில்லாமல் போகும் அந்தக் கணத்தில் சிரிப்பும் கண்ணீரும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகின்றன.

குறைகள் இல்லாமலில்லை. ‘கிறுக்கு’ என்ற அடைமொழியைச் சுமந்து வந்த நகல்கள் பல. அவற்றில் தற்செயல் வெறும் பொறியமைப்பாகிப்போனது. பெண் பாத்திரங்கள் பெரும்பாலும் பரிசுப்பொருளாகவோ தொல்லையாகவோ மட்டுமே வந்தனர். ‘பெயரற்றவர்கள்’ அரிய விதிவிலக்கு. காவல்துறையைக் கேள்வி கேட்காமல் திருடர்களின் முட்டாள்தனத்தை மட்டும் நகையாடுவது அதிகாரத்துக்கு வசதியான சிரிப்பாகவும் முடியலாம் என்ற ஐயம் நியாயமானதே. இதற்கு நமது விடை ஒன்றுதான். சிறந்த படங்களில் இந்த முட்டாள்தனத்துக்குக் காரணம் தெளிவாகச் சொல்லப்படுகிறது. சம்பளம் வராத ஆலை, உரிமமற்ற சுரங்கம், பிணத்தைப் புதைக்கவும் பணம் கேட்கும் கல்லறைத் தோட்டம் ஆகியவை படச்சட்டத்துக்குள்ளேயே நிற்கின்றன. அவற்றைக் காட்டாத படம் வெறும் கேலிக்கூத்து. காட்டும் படம் வரலாற்று ஆவணம்.

மெய்யான கல்லைப் போலி என்று எண்ணி பாவ் ஷிஹோங் தன் மனைவிக்குப் பரிசாக அளித்துவிடுகிறார். அதன் மதிப்பை அவர் அறியார். மனைவியின் மகிழ்ச்சிக்கு அது தேவையுமில்லை. இத்தனை பேரைக் குற்றவாளியாக்கிய விலைமதிப்பு, இறுதியில் எவர் கணக்கிலும் வராமல் ஒரு பெண்ணின் கழுத்தில் தொங்குகிறது. மறுபுறம், சாக்கடைக் குழாய்க்குள் அகப்பட்டுப் பசியோடு வெளியே வரும் திருடன் கறுப்பன், ஒரு ரொட்டியைத் திருடிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடுகிறான், கடைக்காரர் துரத்துகிறார். கோடி மதிப்புள்ள கல்லில் தொடங்கிய கதை ஒரு ரொட்டியில் வந்து நிற்கிறது. இவ்வகைப் படங்களை இதுவரை பார்த்திராதவர்கள் அந்த ஓட்டத்திலிருந்தே தொடங்கலாம்; புதிய சீனத்தின் பொருளாதார வரலாறு அதில் சுருக்கமாக அடங்கியிருக்கிறது.